15,349 கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

அம்மா பயணச்சீட்டின் நகலை இரண்டு முறை நிதானமாகப் படித்துவிட்டு, "ஏழு மணி நேரம்கூட இல்லையேப்பா! நீ என்னமோ ஒரு நாள் பொழுது ஆகும்னு சொன்னியே?" என்று கேட்டார். அவர் படித்ததில் பிழை எதுவும் இல்லை. சிங்கப்பூரில் நள்ளிரவு 12.10-க்குப் புறப்பாடு, நியூயார்க்கில் அதே தேதியில் காலை 6.50-க்கு வருகை என்றுதான் அச்சாகியிருந்தது. பள்ளிக்கூடக் கழித்தல் கணக்குப்படி ஆறு மணி நாற்பது நிமிடம்.

அம்மாவுக்கு இது வெறும் ஆர்வத்தில் எழுந்த கேள்வி அல்ல. கண் அழுத்த நோய்க்காக ஆண்டுக்கணக்கில் அவர் சொட்டு மருந்து போட்டுவருகிறார். காலை எட்டு மணிக்கு ஒரு சொட்டு, இரவு எட்டு மணிக்கு ஒரு சொட்டு. இடையில் பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டும் என்று மருத்துவர் அழுத்திச் சொல்லியிருந்தார். தங்கையின் பேறுகாலத்துக்காக ஜூன் மாதத்தில் தனியாகப் புறப்படும் அவருக்கு, எத்தனை சொட்டு வானத்தில், எத்தனை சொட்டு தரையில் என்பது தெரிந்தாக வேண்டும்.

உடனே இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயர்களையும் இட்டுத் தேடினேன். தூரம் 15,349 கிலோமீட்டர் என்றும், பறக்கும் நேரம் ஏறத்தாழ பதினேழரை மணி என்றும் விடை வந்தது. கோடைக்காலத்தில் இரு நகரங்களுக்கும் இடையே உள்ள பன்னிரண்டு மணி நேர வேறுபாட்டைப் பயணச்சீட்டின் கணக்கோடு கூட்டிப் பார்த்தால் பதினெட்டு மணி நாற்பது நிமிடம் ஆகிறது. ஆக, ஒரே பயணத்துக்கு ஆறே முக்கால், பதினேழரை, பதினெட்டே முக்கால் என்று மூன்று விடைகள் என் முன்னால் இருந்தன. தூரத்துக்கு ஒரே எண் இருக்கும்போது நேரத்துக்கு மட்டும் ஏன் இத்தனை எண்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. அடுத்த சில இரவுகள் அதிலேயே கழிந்தன.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடலாம் என்று அலமாரி மேலிருந்த பழைய பூகோள உருண்டையை இறக்கித் துடைத்தேன். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்து, ஒரு முனையைச் சிங்கப்பூரின் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க் வரை இழுத்துப் பிடித்தேன். நூல் தளர்ந்திருக்கும்வரை எந்தப் பக்கமும் சாயும். இறுக்க இறுக்க அது தானாகவே நகர்ந்து தனக்குரிய இடத்துக்குப் போய்ச் சேரும். அப்படி அது போய் நின்ற இடத்தைப் பார்த்து நான் வியந்துவிட்டேன். சீனாவையும் சைபீரியாவையும் தாண்டி, ஏறத்தாழ வட துருவத்தையே உரசிக்கொண்டு, மறுபக்கம் கனடா வழியாக இறங்கியது நூல்.

சுவரில் மாட்டும் தட்டையான உலகப்படத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது நம்ப முடியாத வழி. 1569-இல் மெர்காட்டர் வரைந்த முறையைப் பின்பற்றும் படங்களில் துருவப் பகுதி முடிவில்லாமல் விரிந்துகொண்டே போகும். துருவம் என்ற புள்ளியையே அந்தப் படத்தில் காட்ட முடியாது. மாலுமிகள் திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக் கப்பல் ஓட்டுவதற்காக வரையப்பட்ட படம் அது, குறுக்கு வழி காட்டுவதற்காக அன்று. சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் நியூயார்க் ஏறத்தாழ 74 பாகை மேற்குத் தீர்க்கரேகையிலும் இருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் 178. அதாவது உருண்டையின் ஒரு புறத்தில் ஒன்றும் நேர் எதிர்ப் புறத்தில் மற்றொன்றும் இருக்கின்றன. கிழக்கே சுற்றினாலும் மேற்கே சுற்றினாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்னும்போது, உச்சியைத் தாண்டிப் போவதே குறுக்கு வழியாகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வழி வட துருவத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் கடந்து செல்கிறது.

இதைத்தான் பெருவட்டப் பாதை என்கிறார்கள். இரு இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால், பூமியின் மையத்தில் அவை எத்தனை பாகைக் கோணத்தை உண்டாக்குகின்றன என்பதைக் கோண அளவியல் தெரிந்த எவரும் கண்டுபிடித்துவிடலாம். எனக்கு 138 பாகைக்குச் சற்றுக் குறைவாக வந்தது. அங்கிருந்து கடல் மைல் என்னும் அளவின் அருமை புரிகிறது. ஒரு பாகைக்கு அறுபது கலைகள். ஒரு கலை நீளத்தைத்தான் மாலுமிகள் ஒரு கடல் மைல் என்று வைத்துக்கொண்டார்கள். ஆகவே கோணத்தை அறுபதால் பெருக்கினாலே தூரம் கிடைத்துவிடுகிறது: ஏறத்தாழ 8,280 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் 15,330 கிலோமீட்டர் சொச்சம். விமானிகள் இன்றும் தூரத்தைக் கடல் மைலில் சொல்வதற்குப் பழக்கம் மட்டுமே காரணமன்று. அந்த அளவு பூமியின் உருவத்திலிருந்தே பிறந்தது.

என் விடைக்கும் இணையத்தின் விடைக்கும் இடையே இருபது கிலோமீட்டர் அளவுக்கு வேறுபாடு இருந்தது. பூமி சரியான உருண்டை அன்று என்பதே அதற்குக் காரணம். நடுவில் 6,378 கிலோமீட்டர் ஆரமும் துருவத்தில் 6,357 கிலோமீட்டர் ஆரமும் கொண்டு, மேலும் கீழும் லேசாக அமுக்கப்பட்டிருக்கிறது அது. அதனால் துருவத்துக்கு அருகே ஓர் அட்சரேகைப் பாகையின் நீளம் நிலநடுக்கோட்டில் இருப்பதைவிட ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் கூடுதல். துருவத்தின் மேலாகப் போகும் நம் வழிக்கு இந்தக் கூடுதல் வந்து சேர்ந்துவிடுகிறது. பூமியைச் சுற்றி அளந்தால் நாற்பதாயிரம் கிலோமீட்டர், எனவே உலகின் எந்த இரு இடங்களும் இருபதாயிரம் கிலோமீட்டருக்குமேல் விலகியிருக்க முடியாது. அந்த எல்லையில் முக்கால் பங்குக்குமேல் ஒரே மூச்சில் கடக்கும் பயணம் இது என்று புரிந்தபோது எனக்குக் கொஞ்சம் கவலையும் வந்தது.

தூரம் முடிந்துவிட்டது. அது பூமி எழுதிவைத்த எண். இன்றைக்கும் நாளைக்கும் மாறாது. நேரம் அப்படியன்று.

இணையப் பக்கங்கள் நேரத்தைக் கணக்கிடும் முறை மிக எளிது. தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் அல்லது அதற்குச் சற்றுக் குறைந்த ஒரு வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். 15,349-ஐ 900-ஆல் வகுத்தால் பதினேழு மணி சொச்சம், அதனோடு அரை மணி. அந்த 900 எங்கிருந்து வந்தது என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. நெடுந்தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ 85 விழுக்காட்டில் பறக்கின்றன. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 56 பாகைக் குளிரில், ஒலியே மணிக்கு 1,060 கிலோமீட்டர்தான் போகும். அதில் 85 விழுக்காடு 900. ஆனால் அந்த 900 காற்றுக்குள் விமானம் போகும் வேகம். காற்று சும்மா நிற்பதில்லையே!

நடு அட்சரேகைப் பகுதிகளின் மேல், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரும் ஆறுபோல ஓடிக்கொண்டிருக்கிறது ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் காற்று. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். ஆற்றோடு போகும் படகுக்கும் எதிர்த்துப் போகும் படகுக்கும் உள்ள வேறுபாடு விமானத்துக்கும் உண்டு. 2020 பிப்ரவரியில் ஒரு புயலை ஒட்டி எழுந்த காற்றின் உதவியால், நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஒரு 747 விமானம் நான்கு மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. தரைக் கணக்கில் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. அப்போதும் அது ஒலியை மிஞ்சவில்லை, அதைச் சூழ்ந்திருந்த காற்றே சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் காற்றை 1920-களிலேயே பலூன்களை விட்டு அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓயிஷி. உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற ஆசையில் அவர் தம் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகமோ அதைக் கவனிக்கவில்லை. 1944-இன் இறுதியில் ஜப்பானின் மேல் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் திணறிய பிறகே அது பரவலாக உணரப்பட்டது. இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. எல்லாருக்கும் பொதுவான மொழி என்று நம்பி எழுதியவரின் சொல் எவருக்கும் போய்ச் சேரவில்லை.

காற்றைக் கணக்கில் கொண்டால், குறுகிய வழி விரைவான வழியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதற்கு நல்ல சான்று தில்லி–சான்பிரான்சிஸ்கோ விமானம். அட்லாண்டிக் வழியாக ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர் பறந்துகொண்டிருந்த அந்தச் சேவையை ஏர் இந்தியா 2016-இல் பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டராகக் கூடியது; நேரமோ இரண்டு மணி அளவுக்குக் குறைந்தது. மேற்கு நோக்கிப் பறந்து காற்றோடு மல்லுக்கட்டுவதைவிட, 1,400 கிலோமீட்டர் அதிகமானாலும் கிழக்கு நோக்கிக் காற்றோடு போவது மேல் என்பதே அந்தக் கணக்கு.

அம்மாவின் விமானத்துக்கும் இதே கதைதான். நூல் காட்டிய துருவ வழியை விட்டுவிட்டு, சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் விமானங்கள் பெரும்பாலும் வட பசிபிக் மேலாகவே போகின்றன. திரும்பும்போது சில நாட்களில் அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து வருகின்றன. போவதும் கிழக்கே, வருவதும் கிழக்கே! எந்த நாளுக்கு எந்த வழி என்பதை அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

காற்று மட்டும் வழியைத் தீர்மானிப்பதில்லை, அரசியலும் தீர்மானிக்கிறது. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ வரை ஒன்பது மணி அளவில் போய்க்கொண்டிருந்த பயணம் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. இரு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை. இரண்டு இயந்திரங்கள் மட்டுமே கொண்ட விமானம், ஒன்று நின்றுபோனாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஓடுபாதையை எட்டும்படி வழி வகுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியும் உண்டு. துருவக் குளிரில் எரிபொருள் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கவலையும் உண்டு.

இத்தனை நேரம் இறங்காமல் பறப்பதற்கென்றே தனி வகை விமானம் வேண்டியிருக்கிறது. 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்கை அடுத்த நூவர்க் நகருக்குத் தொடங்கிய சேவையில் ஏ350 விமானத்தின் மிகுதூர வகை பறந்தது. அதன் தொட்டிகள் 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். விமானம் அதிகபட்சம் 280 டன் எடையோடு கிளம்பலாம். தொட்டி நிறைந்தால் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது எரிபொருளே. அவ்வளவு எரிபொருளைத் தூக்கிக்கொண்டு பறப்பதற்கே எரிபொருள் செலவாகும் என்பதால் எடையைக் குறைக்க வேண்டும். ஆகவே இருக்கைகள் வெறும் 161 தான், சாதாரண வகுப்பே கிடையாது.

பயணச்சீட்டின் பதினெட்டே முக்கால் மணிக்கு வருவோம். அது பறக்கும் நேரம் அன்று. நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்கு அடியில் வைத்திருக்கும் கட்டையை எடுத்த நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் கட்டை வைக்கும் நொடிவரை கணக்கிடும் நேரம் அது. விமானத் துறையில் இதைப் பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதை நோக்கி ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கும் ஊரின் நெரிசலுக்காக வானத்தில் வட்டமிடுவது எல்லாம் அதற்குள் அடங்கும். காற்று ஒத்துழைக்காத நாட்களுக்காகச் சற்றுக் கூடுதலாகவும் சேர்த்தே வைத்திருப்பார்கள். தாமதமாகக் கிளம்பிய விமானம் முன்கூட்டியே போய்ச் சேர்வதன் இரகசியம் இதுதான்.

மீதமிருந்தது அம்மாவின் ஆறே முக்கால் மணி. பசிபிக்கின் நடுவே தேதிக்கோட்டைக் கிழக்கு நோக்கிக் கடக்கும்போது தேதி ஒரு நாள் பின்னால் போய்விடும். அதனால்தான் ஒரு பகலும் ஒரு குட்டி இரவும் வானத்தில் கழித்த பிறகும் அதே தேதியிலேயே இறங்க முடிகிறது. இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கி, சிங்கப்பூர் நேரம் ஒரு பக்கமும் நியூயார்க் நேரம் மறுபக்கமுமாக ஒரு தாளில் அட்டவணை எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அப்பா வாங்கிக் கொடுத்த, சாவி கொடுக்கும் பழைய கடிகாரம். முள் இரண்டு, எண் பன்னிரண்டு. காலையா மாலையா என்று காட்டும் வசதி அதில் இல்லை.

"பன்னெண்டு மணி நேர வித்தியாசம்னா, இங்க எட்டுன்னா அங்கேயும் எட்டுதானே? முள்ளை எதுக்குத் தொடணும்?"

நான் அட்டவணையை மடித்து வைத்துவிட்டேன். நியூயார்க்கில் கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும் மாதங்களில் இரண்டு ஊர்களின் முள்களும் ஒரே இடத்தில்தான் நிற்கும். இரவு எட்டு அங்கே காலை எட்டு, அவ்வளவுதான். மூன்று நாள் நான் திணறிய கணக்கு அந்தக் கடிகாரத்தில் ஏற்கெனவே போட்டு முடிக்கப்பட்டிருந்தது.

அன்றிரவு விமானம் பதினைந்து நிமிடம் தாமதமாக, 12.25-க்கு நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது. சக்கரம் தரையை விட்டு எழும்ப மேலும் இருபது நிமிடம் ஆயிற்று. விமானங்களைப் பின்தொடர்ந்து காட்டும் இணையப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் விழித்திருந்தேன். பிலிப்பைன்ஸை ஒட்டி வடகிழக்கே ஏறி, ஜப்பானுக்குக் கிழக்கே விலகி, அலூசியன் தீவுகளுக்குத் தெற்கே அந்தச் சிறிய மஞ்சள் உருவம் நகர்ந்தது. தென்சீனக் கடலின் மேல் 890 என்று இருந்த தரை வேகம், வட பசிபிக்கில் 1,000-ஐத் தாண்டி 1,040 வரை போனது. காலை எட்டு மணிக்கு, அம்மா மருந்து போடும் நேரத்தில், கீழே கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. தேதிக்கோட்டைத் தொட இன்னும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது.

நியூயார்க்கில் காலை 6.05-க்கு விமானம் தரையைத் தொட்டது. வானத்தில் இருந்தது பதினேழு மணி இருபது நிமிடம். பறந்த தூரம் ஏறத்தாழ 16,600 கிலோமீட்டர். இணையத்தில் கண்ட பதினேழரை மணி கிட்டத்தட்டச் சரியாகிவிட்டதே என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் அது நினைத்த தூரத்தைவிட 1,250 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தது விமானம். அது நினைத்ததைவிட வேகமாகவும் பறந்தது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டி ஒரு சரியான விடையைத் தந்திருந்தன. வேறொரு நாள், வேறொரு காற்றில், அது பிசகியிருக்கும். 6.25-க்கு விமானம் நிறுத்துமிடத்தில் நின்றது. பயணச்சீட்டின் நேரத்துக்கு இருபத்தைந்து நிமிடம் முன்னதாக!

தங்கை வீட்டிலிருந்து அம்மா பேசியபோது, தாம் இரண்டு முறை சூரிய உதயம் பார்த்ததாகச் சொன்னார். பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிய பிறகு ஜன்னல் மூடியை ஒரு விரல் அளவு உயர்த்திப் பார்த்தாராம். புறப்பட்ட சில மணி நேரத்தில் ஒரு முறை, இறங்குவதற்குச் சற்று முன் ஒரு முறை. இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேர இரவு. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, பெர்த் நகருக்கும் இலங்கையின் கொக்கலைக்கும் இடையே குவாண்டாஸ் ஓட்டிய கடல் விமானங்களுக்கு இரட்டைச் சூரிய உதயச் சேவை என்றே பெயர் என்று நான் சொன்னேன். அந்த 5,600 கிலோமீட்டர் சொச்சத்தைக் கடக்க அவற்றுக்கு 27 முதல் 33 மணி நேரம் ஆனது. "பாவம், உட்கார்ந்து உட்கார்ந்து கால் வீங்கியிருக்கும்" என்றார் அம்மா.

"சொட்டு மருந்து?" என்று கேட்டேன்.

"எட்டு மணிக்கு குடியேற்ற வரிசையிலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். அண்ணாந்து போட்டுக்கிட்டேன். முன்னால நின்ன பொண்ணு பையைப் பிடிச்சுக்கிட்டா."

அவர் டிசம்பரில் திரும்பி வந்தார். நவம்பர் முதல் ஞாயிறன்று நியூயார்க்கில் கோடைக்கால நேரம் முடிந்துவிட்டதால் வேறுபாடு பதின்மூன்று மணி நேரமாகியிருந்தது. வரவேற்கப் போனபோது இதைச் சொல்லி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திக் கொடுத்தேன். அவர் விரல் விட்டு எண்ணினார். பிறகு, "அப்படின்னா இனிமே ஒன்பதுக்கு ஒன்பது போட்டுக்கறேன்" என்றார். இன்றுவரை ஒன்பது மணிக்குத்தான் போடுகிறார்.